பலகையில் ஒரு டோக்கன்

பூட்டக்கா எவனையும் இரண்டு தடவை எச்சரித்தது கிடையாது. முதல் தடவை வாயால் சொல்வாள். அதற்கும் அடங்காவிட்டால் கை பேசும். கையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். நாலு பேட்டரி போடுகிற, முழுக்க இரும்பில் செய்த பழைய காலத்து டார்ச். இருட்டான தொட்டிக்குள் அடித்துப் பார்க்கத்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதனால் வெளிச்சம் பார்த்தவர்களைவிடக் கண்ணில் பூச்சி பறந்தவர்கள்தான் அதிகம்.

கடலோரத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த எரிவாயு ஆலையில் அவளுக்கு வேலை. அங்கே வானத்தை முட்டும் இரும்புக் கோபுரங்கள் உண்டு. அவற்றின் வயிற்றுக்குள் ஆட்கள் புகுந்து வேலை செய்வார்கள். புகுகிற துளையின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இவள் உட்கார்ந்திருப்பாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக ஆணிகள். உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட டோக்கனை ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் அவனே தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எவனும் அதைத் தொடக் கூடாது. அந்தக் கோபுரத்துக்குள் எதையாவது திறந்துவிடக்கூடிய வால்வைச் சங்கிலி சுற்றிப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். பலகை காலியாகும்வரை பூட்டு திறக்காது. அதனால்தான் பூட்டக்கா என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் புருஷனும் அதே இடத்தில்தான் வேலை செய்தான், அதை வேலை என்று சொல்வதானால். அவனை எல்லோரும் நிழல் என்று கூப்பிட்டார்கள். ஆலையில் எங்கே நிழல் விழுந்தாலும் அங்கே அவன் உட்கார்ந்திருப்பான். வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். பொய் சொல்வது அவனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி, தொண்டையில் சிக்கியதே இல்லை.

கல்யாணமான புதிதில் அவன் அவளை அடித்தான். குடித்தால் அடித்தான், குடிக்கக் கிடைக்காவிட்டால் அதற்காகவும் அடித்தான். அவள் ஐந்து மாத வயிற்றோடு இருந்தபோது, சாப்பாடு ஆறிப்போச்சு என்று ஓங்கி ஓர் உதை விட்டான். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகும் எதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, எழுந்து நடக்கத் தெம்பு வந்த அன்று மத்தியானம், குழாய் முறுக்குகிற ரெஞ்சை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்தவனின் வலது கையை முழங்கையோடு ஒடித்தாள். அலறல் கேட்டு மாமியார் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்தாள். மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "ஒரு கைதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்கப்புறம் அவன் அவள்மேல் விரல் வைத்ததில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமியாரும் மருமகளும் உள் அறையில், அவன் வாசல் அறையில் பெஞ்சுமேல். அவனைத் துரத்திவிட வேண்டியதுதானே என்று கேட்டவர்களிடம், "கண்ணு முன்னாடி கெடந்தாத்தான் எங்க இருக்கான்னு தெரியும்" என்பாள். அவன் செத்துத் தொலைந்தால் தேவலை என்று ஊரறிய வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். பொய்யாகச் சொல்லவில்லை.

இனி ஆலையின் கதை. அதன் கணக்கு ஒரு தினுசானது. பூமிக்கடியில் கிடக்கிற வாயுவுக்குப் பெரிய விலை கிடையாது. அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதில்தான் தொல்லை. பூஜ்யத்துக்குக் கீழே நூற்றறுபது டிகிரி வரைக்கும் குளிரவைத்தால் வாயு தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அறுநூறு அறைகளில் அடைத்தது ஒரே அறைக்குள் அடங்கிவிடும். அப்புறம் கப்பலில் ஏற்றலாம். ஆனால் அப்படிக் குளிரவைக்க இருபதாயிரம் கோடிக்கு இரும்பை நட்டு வைக்க வேண்டும். ஒரு சொட்டு விற்பதற்கு முன்னாலேயே அத்தனை பணமும் மண்ணுக்குள் போய்விடும். அதில் முக்கால்வாசி வங்கியின் பணம், வட்டிக்கோ ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாங்குகிறவன் இருபது வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆனால் முதல் கப்பல் சொன்ன தேதிக்குள் நிரம்பாவிட்டால் விலையைத் திரும்பப் பேசலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குள் வெளியே விலை இறங்கிப்போயிருந்ததால், எப்போதடா தேதி தவறும் என்று அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான்.

இன்னொரு கூத்தும் உண்டு. இந்த மாதிரி ஆலையைக் கட்ட எட்டாயிரம் பேர் வேண்டும். கட்டி முடித்துவிட்டால் ஓட்டுவதற்கு முந்நூறு பேர் போதும். அதாவது வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தவனுக்குப் பரிசு, வீட்டுக்குப் போகலாம் என்பது. இதற்கு ஒரே மாற்று இரண்டாவது யூனிட். கப்பல் துறையும் சேமிப்புத் தொட்டியும் சாலையும் முதல் யூனிட்டின் தலையில் எழுதியாகிவிட்டதால், பக்கத்திலேயே இன்னொன்று கட்டுவது கிட்டத்தட்ட பாதிச் செலவில் முடியும். ஆலையை ஓடவிடும் பொறுப்பிலிருந்த மானேஜர் ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஒரு டிரம்மின் மேல் ஏறி நின்று சொன்னார்:

"மொத கப்பல் தேதிக்குள்ள கெளம்பிட்டா, ரெண்டாவது யூனிட்டுக்கு வங்கி பணம் குடுக்கும். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் வேலை. தாமதமானா ஒரு நாளைக்குப் பன்னெண்டு கோடி போகும். அதோட ரெண்டாவது யூனிட்டும் போகும். அவ்வளவுதான் விஷயம்."

அவர் கெட்ட மனிதரல்ல. அந்தக் கவலையில் அவருக்கே பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். ஆட்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எட்டாயிரம் பேருக்கும் கண் கடல்மேல்தான். தூரத்தில் கப்பல் வந்து நங்கூரம் போட்டு நின்றபோது, ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கூரையே வந்து நிற்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

கோபுரத்துக்குள் இறங்குகிறவனுக்கு அன்றைக்கு ஒன்றரைக் கூலி உண்டு. அதில் ஒரு திருட்டு வியாபாரம் நடந்தது. பட்டியலில் பெயர் உள்ளவன் தன் டோக்கனை வெளியாள் ஒருவனிடம் கொடுத்து உள்ளே அனுப்புவான். கூலியில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் வைத்துக்கொள்வான். பட்டியலில் இல்லாதவன் செத்தால் காப்பீட்டுக்காரன் சல்லிக் காசு தரமாட்டான், அதோடு ஆலைக்கான காப்பீட்டையே ரத்து செய்துவிடுவான். காப்பீடு இல்லையென்றால் வங்கிக்காரன் கடனைத் திருப்பிக் கேட்பான். ஆகவே அப்படி ஒருவன் பிடிபட்டால் அவனைக் கவனிக்கிற பொறுப்பை, ஆட்களைக் கொடுத்திருந்த காண்ட்ராக்டர் காவல்காரர்களின் தலைவனிடம் ஒப்படைத்திருந்தார். அவனுக்கு மீசை என்று பெயர்.

மீசை ஒருத்தனைப் பிடித்து ஆலை வாசலில் வைத்துக் கவனித்ததை எல்லோரும் பார்த்தார்கள், பார்க்க வேண்டும் என்பதற்காகவே வேலை விடுகிற நேரமாகப் பார்த்துச் செய்தான். நாலு பேர் பிடித்துக்கொள்ள, மீசை ரப்பர் குழாயால் அடித்தான். முதுகில் ஆரம்பித்து, அவன் திரும்பியபோது முகத்தில் முடித்தான். அடிபட்டவன் வாயிலிருந்து ஒரு பல் மண்ணில் விழுந்தது. அவன் அதைத் தேடிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனான். பூட்டக்கா வாசலோரம் நின்று பார்த்தாள். தானும் ஆட்களை அடிக்கிறவள்தான், ஆனாலும் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி எவனும் ஆள் மாற்றத் துணியமாட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கப்பல் தேதிக்கு முந்தின நாள், கடைசியாக ஒரே ஒரு கோபுரம் பாக்கி இருந்தது. வாயுவைக் குளிரவைப்பதற்கு முன்னால் அதிலிருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சி எடுக்கிற கோபுரம். ஈரம் கொஞ்சம் தங்கினாலும் அந்தக் குளிரில் பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அதனால் உள்ளே போகிறவர்கள் வியர்வைகூடச் சிந்தாதபடி தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முக்காடு, கண்ணாடி, மூக்கை மூடும் துணி என்று போட்டுக்கொண்டு போனார்கள். பார்த்தால் யார் எவர் என்று தெரியாது. முதுகில் ஒட்டிய நம்பர்தான் ஆள். கோபுரத்தின் நடுவில் ஒரு கம்பி வலைத்தட்டு, அதற்குக் கீழே ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு இடம். அங்கே கூட்டித் துடைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. அப்புறம் துளையை மூடி, நைட்ரஜனைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கிற காற்றை முழுக்க வெளியேற்றுவார்கள். நைட்ரஜனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. உள்ளே ஆள் இருந்தால் இருமக்கூட நேரம் இருக்காது. பேசாமல் படுத்துவிடுவான்.

காலையில் ஐந்து வெள்ளை உடுப்புகள் உள்ளே போயின. ஐந்து டோக்கன் தொங்கியது. மத்தியானம் நாலு பேர் வெளியே வந்து டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது டோக்கன் ஆணியிலேயே இருந்தது. நம்பரைப் பார்த்தாள். நிழல்.

கூட வேலை செய்தவர்களைக் கேட்டாள். "அவன் அப்பவே நழுவியிருப்பான்க்கா. உனக்குத் தெரியாதா அவனை?" என்றார்கள். தெரியும். டோக்கனை மாட்டிவிட்டு, இவள் தண்ணீர் குடிக்கத் திரும்புகிற நேரம் பார்த்து வெளியே நழுவி, டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருந்து சாயங்காலம் ஒன்றரைக் கூலி வாங்குவது அவன் வழக்கம். அதற்காக இவளிடம் டார்ச்சால் அடி வாங்கியும் இருக்கிறான். அன்றைக்கும் அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியது உண்மை. துளைக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தாள். வலைத்தட்டுவரைதான் தெரிந்தது.

"நிழலு! டேய் நிழலு! உள்ள இருக்கியாடா?"

கோபுரம் அவள் குரலையே திருப்பிக் கொடுத்தது.

அதற்குள் ஏணியை வேறு வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கிரேன் கப்பல் துறையில் இருந்தது. மானேஜர் வந்தார், வாட்சைப் பார்த்தபடி கையை நீட்டினார்.

"சாவி."

"டோக்கன் இருக்கு சார்."

"யாரோடது?"

"என் புருஷனோடது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. "அம்மா, அவன் டோக்கன் பொய்யாத் தொங்கறது இது மொத தடவையா? நீயே எத்தனை தடவை புகார் குடுத்திருக்கே. அவனை டீக்கடையில பாத்ததா ஆள் சொல்றாங்க."

"அப்போ அவனை இங்க கூட்டிட்டு வாங்க. அவன் கையால எடுக்கட்டும், சாவி தர்றேன். இல்ல, ஏணி போட்டு ஒரு ஆளை எறக்கிப் பாருங்க."

"ஏணி, கிரேன், மறுபடி காத்துப் பரிசோதனை, பெர்மிட்... விடிஞ்சிடும். கப்பல் தேதி போயிடும். என் தலை போகட்டும், இத்தனை பேரோட மூணு வருஷம் போயிடுமே. யோசிச்சுப் பாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் கஷ்டம். வேலை நிற்கிறது என்று கேள்விப்பட்டு ஆட்கள் திரண்டுவிட்டார்கள். வெல்டர்கள், சாரம் கட்டுகிறவர்கள், பெயின்டர்கள், எல்லோரும் அவளுக்கு வருஷக்கணக்காகத் தெரிந்த முகங்கள். "சாவியக் குடுக்கா!" என்று ஒருவன் கத்தினான். அடுத்த நிமிஷம் கூட்டமே கத்தியது.

"புருஷன்மேல திடீர்னு என்ன பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்றான் ஒரு வெல்டர்.

"பாசமா?" என்றாள். "அவன் செத்தா எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. ஆனா என் பலகையில டோக்கன் தொங்கறப்போ, என் பூட்டைத் திறந்து சாகக் கூடாது. வெளிய வந்து எங்கயாவது சாகட்டும்."

மீசை முன்னால் வந்து அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவள் எச்சரிக்கவில்லை. டார்ச் அவன் தாடையில் இறங்கிய சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது. மீசை ஸ்டூலோடு சேர்ந்து விழுந்தான். அவனுடைய ஆட்கள் மூன்று பேர் பாய்ந்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து முடியைப் பிடித்து வளைத்தான், இன்னொருவன் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். டார்ச் உருண்டு போனது. அதை எடுக்கப் போன கையை ஒருவன் மிதித்துத் திருகினான், இரண்டு விரல்கள் மளுக்கென்று ஒடிந்தன. வலியில் கண் இருண்டது. அந்த இருட்டிலும் கயிற்றை அறுத்துச் சாவியை வாய்க்குள் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு காவல்காரன் கன்னத்தை அழுத்தி வாய்க்குள் விரலை விட்டான். அதை எலும்புவரை கடித்தாள். அவன் போட்ட கூச்சலில் ஒரு நிமிஷம் எல்லோரும் விலகினார்கள். கூட்டத்தில் ஒருவனாவது தனக்காக ஓர் அடி எடுத்து வைப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். எவனும் வைக்கவில்லை. உதையைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

அப்போது யாரோ ஒருவன் கத்தினான்: "அதோ நிக்கறான் பாரு! நிழலு!"

நின்றுகொண்டிருந்தான். பெயின்ட் டிரம்களின் அடுக்குக்குப் பின்னால், நிழலில், கையில் டீ டம்ளரோடு. அவள் முடியைப் பிடித்து இழுத்ததையும் விலாவில் உதைத்ததையும் விரலை மிதித்ததையும் அங்கேயே நின்று பார்த்திருக்கிறான். நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் நின்றிருக்கும்.

கூட்டம் ஓவென்று சிரித்தது, திட்டியது. மானேஜர் அவள் பக்கத்தில் குனிந்து கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார்: "பாத்தியாம்மா? வெளியதான் இருக்கான். போதும்." பிறகு சங்கிலி வெட்டுகிற கட்டர் வைத்திருந்த ஆளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பூட்டக்கா சாவியை ரத்தத்தோடு உள்ளங்கையில் துப்பினாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பேர் முன்னால் இவனுக்காகவா அடி வாங்கினேன்? அந்த ரெஞ்சை அன்றைக்கே இவன் தலையில் போட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கேவலம் உண்டா? எழுந்து நேராக அவனிடம் போனாள். டீ டம்ளர் பறந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பலகைக்கு முன்னால் இழுத்துவந்து நிறுத்தினாள்.

"எடுடா. உன் கையால எடு."

அந்தக் கோணல் கை மேலே போனது. டோக்கனுக்கு ஒரு விரல்கடை கீழே வந்ததும் நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். எதற்கும் கூசாத முகம், பச்சைப் பொய்யைப் பாலில் கலந்து ஊட்டுகிற முகம். அது சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. ஓர் அட்டை வில்லையை ஆணியிலிருந்து எடுக்க முடியாமல் நின்றான். எடுத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதுகில் நம்பர் ஒட்டிய வெள்ளை உடுப்பு. முகம் மூடிய துணி. காலையில் இவள் எண்ணியது நம்பரை, முகத்தையல்ல.

"உள்ள யாரு?" என்றாள்.

நிழல், மீசை விழுந்து கிடந்த பக்கம் பார்த்தான். அவள் அவன் முகத்தில் ஓங்கிக் குத்தினாள், ஒடிந்த விரல்களோடு. மூக்கு உடைந்தது. திரும்பவும் குத்தினாள்.

"சொல்லுடா! உள்ள யாரை விட்டிருக்கே?"

"பேரு... பேரு தெரியாது," என்று அழுதான். "வாசல்ல வேலை கேட்டு நின்னான். பாதிக் கூலிக்கு..."

பின்னாலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் எழுந்தது. சங்கிலி தரையில் கிடந்தது. வால்வு திறந்திருந்தது.

அவள் எப்படி ஓடினாள் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. வழியில் நின்றவனைத் தோளால் இடித்துத் தள்ளினாள். வால்வைப் பிடித்திருந்தவனின் மணிக்கட்டில் தலையால் முட்டினாள். சக்கரத்தைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் திருப்பினாள். விரல் எலும்பு உள்ளுக்குள் உரசுவது அவளுக்கே கேட்டது. வால்வு மூடியது. "ஆள் இருக்கு! உள்ள ஆள் இருக்கு!" என்று அவள் கத்தியது ஆலை முழுக்கக் கேட்டது. மானேஜரின் முகம் வெளுத்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. மீட்புக்காரர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு கயிற்றில் இறங்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்தவர்களில் மானேஜரும் ஒருவர், உள்ளங்கைத் தோல் உரிகிற வரைக்கும் பிடித்திருந்தார்.

அவர்கள் வெளியே கொண்டுவந்தது ஓர் ஒல்லியான ஆளை. நிழலின் நம்பர் ஒட்டிய வெள்ளை உடுப்பு. உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சை அமுக்கினார்கள், வாயில் காற்று ஊதினார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. வாந்தி எடுத்தான், மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தவனுக்கு முதலில் தெரிந்த முகம், வீங்கிய தாடையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மீசையின் முகம். உடனே இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான்.

"அடிக்காதீங்க... அடிக்காதீங்க சார்..."

எவனும் சிரிக்கவில்லை.

கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை என்று பிறகு கேட்டார்கள். கூப்பிட்டது அவன் பேரையல்லவே. நான் வந்து கூப்பிடுகிற வரைக்கும் மூச்சு விடாதே, பிடிபட்டால் வாசலில் வைத்துப் பல்லை உடைப்பார்கள் என்று நிழல் சொல்லி அனுப்பியிருந்தான். ஏணியை மேலே இழுத்தபோதுகூட, வலைத்தட்டுக்குக் கீழே குந்தியபடி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறான்.

கோபுரத்தைத் திரும்பத் திறந்து, காயவைத்து, மூட ஒன்றரை நாள் ஆனது. கப்பல் தேதி தவறியது. வாங்குகிறவன் காத்திருந்த வாய்ப்பு வந்துவிட்டது, விலையை இறக்கினான். இரண்டாவது யூனிட் தள்ளிப்போடப்பட்டது. தாமதத்தால் நஷ்டம் பதினெட்டு கோடி என்று ஆலை வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதன் பக்கத்திலேயே இன்னொரு தாள்: சக ஊழியர்களைத் தாக்கிக் காயப்படுத்தியதற்காகப் பூட்டக்காவை வேலையிலிருந்து நீக்குகிறோம். அது பொய்யில்லை. மீசையின் தாடைக்குத் தையல் போட்டிருந்தது, ஒரு காவல்காரனுக்கு விரல் நுனி இல்லை. மானேஜரையும் தலைமை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நிழலை மீசையின் ஆட்கள் வாசலில் வைத்துக் கவனித்தார்கள். அவன் வீட்டுக்குத் தவழ்ந்து வந்தபோது அவன் அம்மா கதவைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவனை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். டோக்கனை எடுக்காமல் நின்ற அந்தக் கோணல் கை ஆயுசில் ஒரே ஒரு தடவை ஒழுங்காக நடந்துகொண்டது. பூட்டக்காவே அதைச் சொல்லியிருக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

வேலை போனவர்கள் அவளை மன்னிக்கவில்லை. தெருவில் அவளைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். ஒருநாள் பொழுது சாய்கிற நேரம் வீட்டுக்குக் கல் வந்து விழுந்தது. முதல் கல்லில் ஜன்னல் போனது, இரண்டாவது கல் மாமியாரின் நெற்றியைக் கிழித்தது. "எங்க மூணு வருஷத்தக் குடுடி!" என்று வெளியே கத்தினார்கள். அவளுக்குத் தெரிந்த குரல்கள்தான். கட்டுப் போட்ட கையில் ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்ததும் சிதறி ஓடினார்கள். அவள் வாசல் அறையிலேயே, உடைந்த கண்ணாடி நடுவில், அந்த ரெஞ்சோடு உட்கார்ந்திருந்தாள். அடிபட்ட இடமெல்லாம் வலித்தது. நான் செய்தது சரிதானா என்று முதல் தடவையாக நினைத்து அழுதாள்.

திரும்பவும் வாசலில் காலடி கேட்டது. ரெஞ்சை ஓங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். எதிரே நின்றவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே நடந்து வந்திருந்தான், காலில் செருப்புகூட இல்லை.

"அக்கா, நான்தான்... அந்தக் கோபுரத்துல..." என்றான். "எங்க போறதுன்னு தெரியல. உங்களப் பாத்துட்டுப் போலாம்னு..."

உள்ளேயிருந்து மாமியார், நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு, "யாருடி அது? இன்னும் கல்லு கொண்டாந்திருக்கானா?" என்று சத்தம் போட்டாள்.

பூட்டக்கா ரெஞ்சைக் கீழே இறக்கினாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எலும்பும் தோலுமாக, கிழிந்த சட்டையோடு நின்றான்.

"பதினெட்டு கோடி வந்திருக்கு அத்தை," என்றாள். "இன்னொரு தட்டு எடுத்து வைங்க."

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. வேறு மாதிரி இழுக்க அவளுக்குத் தெரியாது.

"கால்ல கண்ணாடி குத்தப் போவுது, பாத்து வா. இனிமே எவனாவது பாதிக் கூலிக்குக் கூப்பிட்டா போவாதே. உன் விலை என்னன்னு அவங்களே எழுதி ஒட்டியிருக்காங்க, போய்ப் படிச்சுக்கோ."

அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று சாப்பிடும்போது சொன்னான். அடுத்த நாள் காலையில் அந்தத் தாளைப் படித்துக் காட்ட அவளே அவனைக் கூட்டிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனாள்.